இடுக்குக்குள் மூன்று பேர்

போன வாரம் இடுப்பு வலிக்காக ஒரு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். ஆளைப் படுக்கவைத்து வெள்ளைக் குழாய்க்குள் தள்ளுவார்களே, அந்த ஸ்கேன். அங்கிருந்த பெண் என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "உள்ள போனதும் பயமா இருந்தா இத அழுத்துங்க சார், வெளிய எடுத்துடுவோம்" என்றாள். அழுத்தினேன். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னும் உள்ளயே போவலையே சார்" என்றாள்.

குழாயைப் பார்த்து நான் பயப்படவில்லை. தலையணைதான் காரணம். எனக்கு முன்னால் படுத்தவர் தலைக்குத் தேங்காயெண்ணெய் தாராளமாக வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மேலே விரித்திருந்த காகிதத்தையும் தாண்டி அந்த வாசனை வந்தது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வியர்வை, எங்கிருந்தோ ஒரு துளி விபூதி. தலைமாட்டில் வளைந்து நின்ற குழாயின் வாயும் அந்த வாசனையும் சேர்ந்ததும் நான் ஸ்கேன் அறையில் இல்லை. கிரிவலப் பாதையில், ஒரு கல் இடுக்குக்குள், என் மகளின் கால்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திருவண்ணாமலைக்கு வந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலையைச் சுற்றி வரும் பாதையில், குபேர லிங்கத்தைத் தாண்டியதும் ஒரு சின்னக் கோயில். இடுக்குப் பிள்ளையார். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும் கோயில் இல்லை அது. பின்பக்கம் உள்ள சிறிய துவாரத்தில் நுழைந்து, ஊர்ந்து, முன்பக்கமாக வெளியே வர வேண்டும். உள்ளே அடுத்தடுத்துக் குறுகலான வாசல்கள், நடுவில் ஒரு பொந்து மாதிரி கொஞ்சம் இடம். நுழைந்து வந்தால் தலைவலி, இடுப்பு வலி போகும், இன்னொரு பிறவி கிடையாது என்பார்கள். எத்தனையோ முதுகுகள் உரசி உரசிக் கல் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுப்பாகிக் கிடக்கும். அத்தனை தலைகளின் எண்ணெயும் அதில் ஊறியிருக்கும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளூர்க்காரன் இல்லையா! பௌர்ணமிக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் நுழைந்ததில்லை. நம்ம ஊர்க் கோயில்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவைத்த பட்டியலில் அதுவும் ஒன்று.

அப்போது நாங்கள் மூன்று குடும்பங்கள் ஒரு கூட்டமாக இருந்தோம். பள்ளி விடுமுறை வந்தால் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தலைவர் பாஸ்கர் அண்ணன். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருந்தார். அவர் மனைவி வசந்தி அக்காவின் புளிசாதம் இல்லாமல் வேன் நகராது. இன்னொருவன் எங்கள் எதிர்வீட்டு சேகர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும் ஆள். பிறகு நான், என் மனைவி ரேவதி, ஒரே மகள் சிந்து. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்போது தொடக்கப் பள்ளிதான்.

சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை, ஜவ்வாது மலை, ஏலகிரி என்று சுற்றினோம். உல்லாசப் பயணம் என்று சொன்னால் பாஸ்கர் அண்ணனுக்குக் கோபம் வரும். "ஜாலியா சுத்தறதுக்கு சென்னைக்காரன் இருக்கான். நாம போறது சாகசம்" என்பார். ஒவ்வொரு பயணத்திலும் பிள்ளைகள் ஒரு சாகசத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடையைக் கடப்பது, பாறையில் ஏறுவது, அருவிக்கு அடியில் போய் நிற்பது. எதுவாக இருந்தாலும் பெற்றவர்களும் அதைச் செய்தாக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். செஞ்சியில் ஒரு வழுக்குப் பாறையில் இந்தச் சட்டத்தை மதித்து நான் கிழித்துக்கொண்ட பேன்ட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வேண்டாம்.

என் பங்குக்கு நானும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கும் முதலில் பயப்படுவதுதான் வழக்கம். வேன் கிளம்பும்போது எல்லோரும் தின்பண்டப் பை ஏற்றினால் நான் கயிறு, டார்ச், உப்பு சர்க்கரைப் பொட்டலம், கட்டுத் துணி வைத்த பை ஏற்றுவேன். சேகர் எனக்கு வைத்த பெயர் 'பேரிடர் மேலாண்மை'. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கட்டிவிடுவேன். "எங்கயாவது மாட்டிக்கிட்டா கத்தாதீங்க, ஊதுங்க. நாங்க வந்துருவோம்." இதை வேனில் ஒப்பிக்கவைப்பேன். பிள்ளைகளும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள்.

அதோடு, எங்கே போனாலும் நானும் ரேவதியும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். சிந்து ஓடையைக் கடந்தால் நான் இந்தக் கரை, அவள் அந்தக் கரை. சறுக்கு மரமென்றால் நான் ஏணிப் பக்கம், அவள் கீழே. பேசி வைத்துக்கொண்டதில்லை. கால்கள் தாமாகவே போய் நின்றுவிடும். சேகர் இதைப் பார்த்து, "பேட்மின்டன் ஆடறாங்கப்பா ரெண்டு பேரும், புள்ளைதான் பந்து" என்று சிரிப்பான்.

அந்த மே மாதம் ஜவ்வாது மலைக்குப் போவதாக இருந்தது. முகூர்த்த நாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஊரிலிருந்த வேன்களெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பாஸ்கர் அண்ணன் மலையைக் காட்டி, "தோ நிக்குது பார் அவ்ளோ பெரிய மலை. இத ஒரு தபா சுத்துவோம். இதவிட இன்னாடா சாகசம்?" என்றார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. உள்ளூரைச் சுற்றுவது யாருக்குச் சாகசம்?

ஆனாலும் கிளம்பினோம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும் வரைக்கும் நிழல் இருந்தது. அடி அண்ணாமலையில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிட்டது. செருப்பில்லாத கால்கள் தாரில் சுட, பிள்ளைகள் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓடினார்கள். "கம்மி தூரம்தான்மா, வந்துட்டுது" என்று வசந்தி அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். வந்தபாடில்லை. குபேர லிங்கத்தருகே ஒருவருக்கும் முகத்தில் சிரிப்பில்லை. இடுக்குப் பிள்ளையாரைப் பார்த்ததும்தான் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது.

"சாகசம்!" என்று முதலில் கத்தியது என் மகள்தான்.

சாதாரண நாள், உச்சிவேளை நெருங்கும் நேரம். ஒரு ஈ காக்கை இல்லை. பௌர்ணமியன்று வந்திருந்தால் எப்படிப் படுக்க வேண்டும், எந்தக் கையை முதலில் நீட்ட வேண்டும் என்று சொல்லித்தர நூறு பேர் இருந்திருப்பார்கள். எங்களுக்கு யார் சொல்ல வேண்டும், நாங்கள்தான் உள்ளூராயிற்றே. பாஸ்கர் அண்ணன் பிள்ளைகள் சர்ரென்று நுழைந்து முன்பக்கம் எழுந்து நின்றார்கள். சேகரின் மகன் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தான், அப்பனைப் போல. அடுத்து சிந்து.

நான் பின்பக்கம் நின்றேன். ரேவதி முன்பக்கம். வழக்கம்போல.

சிந்துவின் தலை போனது. இடுப்பு போனது. கொலுசு போட்ட பாதங்கள் இரண்டும் கல்லைத் தட்டித் தட்டி, பிறகு அவையும் போயின. சின்னக் கருப்பு ஓட்டை மட்டும் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. 'இப்போது வெளியே போயிருப்பாள்' என்று நினைத்தேன். முன்பக்கமிருந்து கைதட்டல் வரவில்லை. அப்போதுதான் கேட்டது.

விசில்.

கல்லுக்குள்ளிருந்து வரும் விசில் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அது காதால் கேட்கும் சத்தமில்லை, பல்லில் வந்து இறங்கும். நான் யோசிக்கவே இல்லை. கட்டியிருந்த வேட்டியோடு குப்புற விழுந்து அந்த ஓட்டைக்குள் தலையைக் கொடுத்தேன். வசந்தி அக்கா பின்னாலிருந்து, "தம்பி, ஒருக்களிச்சு, ஒருக்களிச்சு!" என்று கத்தியது கேட்டது. கேட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை. முதல் வாசலை எப்படியோ தாண்டிவிட்டேன். இரண்டாவது வாசலில் தலையும் ஒரு கையும் உள்ளே போயின. வயிறு வரவில்லை.

முன்னால் இருட்டு. முழு இருட்டு. எதிர்ப்பக்கத்து வாசலிலிருந்து வெளிச்சம் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கையை நீட்டினேன். சிறிய கணுக்கால் ஒன்று தட்டுப்பட்டது.

"சிந்து! முன்னாடி போ கண்ணு!"

"எங்கப்பா போறது?"

அதே நேரம் முன்னாலிருந்து ரேவதியின் குரல் வந்தது. மிக அருகில். "என் கையப் புடிடி. வா, வா."

"நீ வழியிலயே இருக்கியேம்மா!"

அப்போதுதான் விளங்கியது. விசில் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. அவளும் யோசிக்கவில்லை. முன்வாசலில் தலையையும் தோளையும் நுழைத்து மகளைப் பிடித்து இழுக்க வந்திருக்கிறாள். முன்வாசலை அவள் அடைத்துக்கொண்டிருக்கிறாள், பின்வாசலை நான். நடுவில், அந்தப் பொந்தில், காலை மடக்கிக்கொண்டு எங்கள் மகள்.

"நீ எதுக்கு உள்ள வந்த?" என்றேன்.

"விசில் சத்தம் கேட்டுச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"பின்னாடி போங்க மொதல்ல."

"நீ போ. நான் மாட்டிக்கிட்டேன்."

"மாட்டிக்கிட்டீங்களா? அய்யோ!"

இத்தனை வருட இல்லறத்தில் எத்தனையோ இடத்தில் சண்டை போட்டிருக்கிறோம். கல்லுக்குள் படுத்துக்கொண்டு போட்டது அதுதான். எங்கள் குரல்கள் ஒன்றோடொன்று மோதி மூன்று மடங்காகத் திரும்பி வந்தன. பின்னால் சேகர் என் கால்களைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தான். முன்பக்கம் பாஸ்கர் அண்ணன், "இழும்மா, இழு!" என்று ரேவதியை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். பின்பக்கத்தார்க்கு முன்பக்கம் நடப்பது தெரியாது. முன்பக்கத்தார்க்கு நான் உள்ளே இருப்பதே தெரியாது. சேகர் ஒரே மூச்சாக இழுத்தான். நான் வரவில்லை, வேட்டி வந்துவிட்டது. "அய்ய, இது இன்னா அண்ணா!" என்ற அவன் சிரிப்பு எங்கோ கிணற்றுக்கு வெளியே கேட்டது.

இந்த இடத்தில் நானும் சிரித்திருக்க வேண்டும். பிற்பாடு இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துமிருக்கிறேன். அப்போது சிரிக்க முடியவில்லை. சிந்து பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"சிந்து."

கணுக்காலை லேசாக அசைத்துப் பார்த்தேன்.

"சிந்தும்மா."

மூச்சு மட்டும் கேட்டது. வேக வேகமாக, ஓடி வந்த நாய்க்குட்டியின் மூச்சு போல. நான் விட்ட காற்றைத்தான் அவள் இழுக்கிறாள் என்று பட்டது. ரேவதி விட்ட காற்றையும். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் அப்பியது. மேலே கல், கீழே கல், முழங்கையை மடக்க இடமில்லை. பின்னால் நகரலாமென்று உடம்பை அசைத்தால் வயிறு இன்னும் இறுகியது. நான் எங்கேயாவது எதிலாவது மாட்டிக்கொள்வேன் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவன். மகளின் வழியை அடைத்துக்கொண்டு மாட்டிக்கொள்வேன் என்று எனக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை.

பிறகு அவள் பேசினாள். சின்னக் குரலில். "ரெண்டு பேரும் கத்தாதீங்க. மூச்சு முட்டுது."

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"அம்மா, நீ வெளிய போ. நீ போனாதான் நான் வர முடியும்."

"நான் போயிட்டா நீ தனியா இருப்பியேடி." ரேவதி அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் பயம் எனக்குத் தெரியும். விரல் நுனியில் மகள் தட்டுப்படுகிறாள், அந்த விரலை எப்படி எடுப்பது? நான் அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் நகர்ந்திருக்க மாட்டேன்.

"அப்பா இருக்காரு இல்ல," என்றாள் சிந்து. "போம்மா. நீதான் இருட்டா இருக்க."

அப்பா இருந்தார். வேட்டியில்லாமல், அரை டிராயரோடு, ஒரு கையை மட்டும் ஆட்டக்கூடிய நிலைமையில், யாருக்கும் உதவாமல் இருந்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரேவதி மெதுவாகப் பின்வாங்கினாள். வளையல்கள் கல்லில் உரசும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. திடீரென்று வெளிச்சம். கண் கூசியது. சிந்துவின் முதுகையும் இரட்டைச் சடையையும் பார்த்தேன். அவள் பக்கவாட்டில் சரிந்து படுத்து, ஒரு கையை முன்னால் நீட்டி, மீன் நழுவுவது போல நழுவினாள். போகும்போது பாதம் என் மூக்கில் உதைத்தது. இன்றைக்கு வரைக்கும் என் மூக்குக்குக் கிடைத்த நல்ல உதை அதுதான்.

வெளியே கூச்சல், அழுகை, வசந்தி அக்காவின் "பிள்ளையாரப்பா!" எல்லாம் கேட்டன. மகள் வெளியே போய்விட்டாள் என்ற நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? அடுத்த மூச்சு வரைக்கும்தான். அதன் பிறகு நான் மட்டும் அங்கே இருப்பது உறைத்தது. பத்துத் தலைகள் வாசலில் கூடி வெளிச்சத்தை மறுபடி அடைத்தன. ஆளாளுக்கு யோசனை. பாஸ்கர் அண்ணன் எண்ணெய் ஊற்றலாம் என்றார். சேகர் இரண்டு நாள் பட்டினி போட்டால் தானே வந்துவிடுவார் என்றான். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கல்.

வெளியே ஏதோ தகராறு. "விடும்மா. உள்ள போவ மாட்டேன். பேசத்தான் போறேன்." தலைகள் விலகின. என் மகளின் முகம் மட்டும் அந்தச் சதுரத்தில் தெரிந்தது.

"அப்பா, நீ எப்படிப் படுத்திருக்க?"

"குப்புற."

"அதான். ஒருக்களிச்சுப் படு."

"முடியலடா."

"மூச்ச விடுப்பா மொதல்ல. புடிச்சு வெச்சிருக்க நீ. விட்டியா? இன்னும் விடு. இப்ப திரும்பு."

திரும்பினேன். அவள் சொன்னது போலவே ஒரு கையை நீட்டினேன். முழுமூச்சையும் விட்டு வயிற்றை உள்ளிழுத்தபோது கல் என் தோலை எடுத்துக்கொண்டு என்னை விட்டது. வெளியே வந்து வெயிலில் விழுந்தேன். சேகர் வேட்டியை என் மேல் போட்டுவிட்டு, "இதுல நுழைஞ்சி வந்தா இன்னொரு பொறப்பு இல்லன்னு சொல்றாங்க. உங்கள பாத்தா இப்பதான் பொறந்த மாதிரி இருக்குதே அண்ணா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரேவதி சிரிக்கவில்லை. சிந்துவை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள், இடுப்பில் தூக்கும் வயதை அவள் தாண்டி வெகுநாளாகியிருந்தும்.

வீட்டுக்கு வந்த பிறகு, கீறலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது சிந்துவிடம் கேட்டேன். "உள்ள எங்கடா மாட்டுச்சு? காலா, கையா?"

"மாட்டலயே."

"அப்புறம் எதுக்கு ஊதின?"

"உள்ள ஊதினா எப்படி கேக்கும்னு பாத்தேன்பா. நல்லா இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

நானும் ரேவதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் சில பயணங்கள் போனோம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனார்கள், டியூஷன் வந்தது, விடுமுறைகள் சுருங்கின. பாஸ்கர் அண்ணன் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். சேகர் எதிர்வீட்டைக் காலி செய்து வேலூர்ப் பக்கம் போய்விட்டான். மூன்று குடும்பமாக வேனில் ஏறியது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் ஞாபகம் வைத்திருப்போம்.

சிந்து கோயம்புத்தூரில் படிக்கிறாள். சிநேகிதிகளோடு மலை மலையாக ஏறுகிறாள். முன்பெல்லாம் நாலு நாள் முன்னதாகவே எனக்குப் பயப்பட அவகாசம் கிடைக்கும். எந்த ஊர், எந்த வண்டி, மழை வருமா என்று விசாரித்து விசாரித்துப் பயப்படுவேன். இப்போது அந்த வசதி இல்லை. அவள் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குப் படங்கள் வருகின்றன. போன மாதம் ஒரு படம் வந்தது. ஏதோ மலையில், பாறைப் பிளவொன்றிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்த நிலையில், முகமெல்லாம் மண்ணோடு சிரிக்கிறாள்.

உடனே கூப்பிட்டேன். ரேவதி ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னாடியே ஏன்டா சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் வந்துடுவீங்கப்பா."

"நாங்க எதுக்குடி அவ்ளோ தூரம் வர்றோம்?" என்றாள் ரேவதி. "எங்களுக்கு வேற வேலை இல்லையா?"

சிந்து சிரித்தாள். அவள் அறையிலிருந்த வேறு பெண்களும் சிரித்தார்கள். இந்தக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ரேவதி என் கையிலிருந்து போனை வாங்கி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பாறையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே.

"பின்னாடி வழி எங்க இருக்குதுன்னு தெரியலயேங்க," என்றாள்.

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.